செவிவழி வந்த இறந்தகாலம்: மும்பைத் தமிழரும் ஆங்கில வினையீறும்

ஆங்கிலத்தில் இறந்தகாலத்தைக் காட்டப் பெரும்பாலான வினைகளின் இறுதியில் 'இ', 'டி' என்னும் இரண்டு எழுத்துகள் சேர்கின்றன. எழுதும் முறை ஒன்றுதான், ஒலியோ மூன்று. 'வாக்', 'ஸ்டாப்' போலத் தொண்டை அதிராத ஒலியில் முடியும் வினையில் அது அதிர்வற்ற டகரமாகும். 'கால்', 'ப்ளே' போன்றவற்றில் அதிர்வுள்ள டகரமாகும். 'வான்ட்', 'நீட்' என டகரத்திலேயே முடியும் வினையில் மட்டும் தனி அசையாக ஒலிக்கும்.

14ஆம் நூற்றாண்டில், கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலத்தில், இந்த ஈறு பெரும்பாலும் தனி அசையாகவே ஒலித்தது. ஷேக்ஸ்பியரின் செய்யுளில் இரு வகையும் உண்டு. இடையில் உள்ள உயிரொலியை விழுங்கும் வழக்கத்தை 1712இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கண்டித்து எழுதினார். பேச்சு அவர் சொல்லைக் கேட்கவில்லை, எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டி 'வாக்கெட்' என்று படிக்கும் மாணவர் சாசர் காலத்து ஒலிப்புக்கு அருகில் இருக்கிறார். அதை அறியாமை என்று ஆசிரியர் கடிந்துகொள்வது நியாயமல்ல.

தமிழருக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. அதனால் நம் நா ஈற்றில் ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அதிர்வுள்ள டகரத்துக்கும் அதிர்வற்ற டகரத்துக்கும் நம்மிடம் ஒரே எழுத்துதான், சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது.

இந்தத் தடையை மும்பைத் தமிழர் முதலில் தாண்டியது இலக்கண வகுப்பில் அன்று, சுருக்கெழுத்துப் பயிற்சியில் என்பது என் கருத்து. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலக வேலைக்கு வந்த தமிழர் பலர் மாட்டுங்காவில் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்கே தோன்றியது. இந்த அலுவலகத் தமிழர் கற்ற பிட்மன் சுருக்கெழுத்து முறை, 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்டது, எழுத்தை விட்டு ஒலியைக் குறிப்பது. அதில் 'ப', 'ட', 'க' போன்ற ஒலிகளின் அதிர்வற்ற வடிவுக்கு மெல்லிய கோடு, அதிர்வுள்ள வடிவுக்குத் தடித்த கோடு. ஓரசைச் சொல்லில் மெல்லிய கோட்டைப் பாதியாகக் குறைத்தால் அதிர்வற்ற டகரம் சேரும், தடித்த கோட்டைக் குறைத்தால் அதிர்வுள்ள டகரம் சேரும். தனி அசையாக ஒலிக்கும் ஈற்றுக்கோ வேறாக ஓர் அரைக்கோடு இட வேண்டும். உச்சரிப்பு விதி முழுவதும் பென்சில் முனையில் இருந்தது! ஆயினும் பயிற்சியின் நோக்கம் வேகம், உச்சரிப்பன்று. கை அறிந்ததை நாவுக்குக் கொண்டுசெல்ல யாரும் முனையவில்லை.

அந்த முயற்சி பிறகே வந்தது. 1958இல் ஐதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனம் அமைந்தது. பன்சாலும் ஹாரிசனும் எழுதிய பேச்சு ஆங்கில நூல் 1972இலும், தி. பாலசுப்பிரமணியனின் ஒலியியல் பாடநூல் 1981இலும் வெளிவந்தன. இவை கல்லூரிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பயன்பட்டன. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இவற்றின் பயன் போதிய அளவு எட்டவில்லை.

ஆயினும் மும்பையின் தாராவிப் பிள்ளையிடம் நெல்லைப் பிள்ளைக்கு எளிதில் வாய்க்காத ஒரு செல்வம் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி வளர்கிறார்கள். இந்தியில் 'பேச்சு' என்று பொருள்படும் சொல்லும் 'பிறகு' என்று பொருள்படும் சொல்லும் ஈற்றுமெய்யின் அதிர்வில் மட்டுமே வேறுபடும். ஏழு வயதுப் பிள்ளை இவ்விரண்டையும் குழப்புவதில்லை. ஈற்றில் உகரம் சேர்ப்பதும் இல்லை. ஆங்கிலத்துக்குத் தேவையான காதும் நாவும் அதற்கு ஏற்கெனவே உண்டு.

தாராவியிலும் செம்பூரிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த இந்திச் சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணரச் செய்யுங்கள், எழுத்தைப் பிறகு காட்டுங்கள்.