கையடக்க எக்கோ பரிசோதனை

கையடக்க எக்கோ பரிசோதனை என்பது, சட்டைப் பையில் அடங்கும் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டு, நோய் வெளியே தெரியாதவர்களின் இதயக் கோளாற்றை முன்கூட்டியே கண்டறியும் முறை. பள்ளிப் பிள்ளைகளிடம் ருமாட்டிக் இதயநோயைத் தேடுவது இதன் முக்கியப் பயன்களுள் ஒன்று.

தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிய சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்கவேண்டிய உடல் தன் இதயத்தையே தாக்குகிறது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வுகள், குறிப்பாக மிட்ரல் வால்வு, தடித்துக் கெட்டுப்போகின்றன. பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இராது. பெண்கள் பலருக்குக் கருவுற்ற காலத்தில் மூச்சுத்திணறல் வந்த பிறகே நோய் தெரியவருகிறது.

ஸ்டெதஸ்கோப் இந்த மறைந்த நிலையைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. கம்போடியா, மொசாம்பிக் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஸ்டெதஸ்கோப்பில் பிடிபட்டவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு குழந்தைகளிடம் எக்கோ நோயைக் காட்டியது.

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லரும் ஹெல்முட் ஹெர்ட்ஸும் முதன்முதலாக இதயத்தை ஒலி அலைகளால் பதிவுசெய்தபோது பயன்படுத்தியது, உலோகங்களில் குறை தேடும் கருவி. 2010இல் ஜி.இ. நிறுவனத்தின் வீஸ்கேன் கைக்குள் அடங்கும் அளவில் வந்தது. கைப்பேசியில் இணைக்கும் பட்டர்ஃபிளை ஐக்யூ, ஒலி அலைகளை எழுப்பும் படிகங்களுக்குப் பதிலாக சிலிக்கான் சில்லில் இயங்குகிறது. பயிற்சி பெற்ற செவிலியர்களும் இவற்றால் முதற்கட்டப் பரிசோதனை செய்ய முடியும். ஆனால் இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் வசதி பல சிறு கருவிகளில் முழுமையாக இல்லை. எனவே ஐயத்துக்குரிய குழந்தைக்குப் பெரிய கருவியில் உறுதிசெய்த பிறகே நோய் என்று சொல்லவேண்டும். உலக இதயக் கூட்டமைப்பின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் தேடலையும் உறுதிசெய்தலையும் தனித்தனிப் படிகளாக வகுத்துள்ளது.

கண்டறிந்து என்ன பயன் என்ற கேள்விக்கு உகாண்டாவில் விடை கிடைத்தது. எக்கோவில் மறைந்த நோய் தெரிந்த 818 பிள்ளைகளில் ஒரு பாதியினருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் ஊசி பெற்றவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. ஊசி இல்லாமலும் பெரும்பாலோருக்கு முற்றவில்லை என்பதையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். வலிக்கும் ஊசியை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்ளப்போவது அவர்களுடைய குழந்தை.

தடையின்றி பெனிசிலினும், பெயர்ப்பதிவேடு வைத்துத் தவறியவரைத் தேடிச் செல்லும் ஊழியரும் இல்லாத இடத்தில், இந்தக் கருவிகளை மட்டும் வாங்கிக் கொடுப்பதால் குழந்தைகளுக்குப் பயனில்லை.