தமிழ்நாட்டில் உள்ளாட்சி

உள்ளாட்சி என்பது ஓர் ஊரின் அன்றாடத் தேவைகளை அவ்வூர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே கவனிக்கும் ஆட்சி முறை ஆகும். நடுவண் அரசு, மாநில அரசு ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் நிலை அரசாக இது கருதப்படுகிறது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால், குப்பை அகற்றல் போன்றவை இதன் முதன்மைப் பணிகள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் ஊரகம், நகர்ப்புறம் என இரு வகைப்படும்.

சேலம் நகரின் கிழக்குப் பகுதியான அம்மாபேட்டை இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கைத்தறி நெசவாளர்கள் மிகுதியாக வாழும் இப்பகுதி சேலம் மாநகராட்சியின் ஒரு மண்டலம் ஆகும். இங்கிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் அயோத்தியாப்பட்டணம் பேரூராட்சியும், அதனைத் தாண்டினால் மின்னாம்பள்ளி போன்ற ஊராட்சிகளும் வருகின்றன. ஒரே சாலையில் மூன்று வகை உள்ளாட்சி அமைப்புகளைக் காணலாம்.

வரலாறு

உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்த விதத்தைக் கூறுகின்றன. எனினும் நிலமும் கல்வியும் உடைய ஆண்களே அதில் இடம்பெற முடிந்தது. இன்றைய முறையின் வேர் ஆங்கிலேயர் ஆட்சியில் உள்ளது. 1688 இல் சென்னை மாநகராட்சி நிறுவப்பட்டது. 1882 இல் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தீர்மானம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு வழி வகுத்தது.

சேலம் 1866 இல் நகராட்சி ஆனது. பின்னாளில் சென்னை மாகாண முதலமைச்சரான இராசாசி 1917 முதல் 1919 வரை இதன் தலைவராக இருந்தார். 1994 இல் சேலம் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆம், 74 ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் முறையே ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதியை அளித்தன. ஐந்தாண்டுப் பதவிக்காலம், இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் ஆகியன கட்டாயமாயின. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது. அதன்படி முதல் தேர்தல் 1996 இல் நடைபெற்றது.

ஊரக உள்ளாட்சி

ஊரக உள்ளாட்சி மூன்று அடுக்குகளைக் கொண்டது.

* ஊராட்சி: தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். இத்தேர்தல் கட்சிச் சின்னங்கள் இன்றி நடைபெறும்.
* ஊராட்சி ஒன்றியம்: பல ஊராட்சிகளைக் கொண்டது. சேலம் மாவட்டத்தில் 20 ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றியக் குழுத் தலைவரை உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுப்பர். வட்டார வளர்ச்சி அலுவலர் இதன் நிர்வாக அலுவலர்.
* மாவட்ட ஊராட்சி: மாவட்ட அளவில் திட்டமிடும் அமைப்பு. இதன் தலைவரும் உறுப்பினர்களாலேயே தேர்ந்தெடுக்கப்படுவார்.

இதனால் ஒரு கிராம வாக்காளருக்கு நான்கு வாக்குகள் உண்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட உறுப்பினர் ஆகியோருக்கான வாக்குச்சீட்டுகள் வெவ்வேறு நிறங்களில் இருக்கும். 2019 தேர்தலில் தலைவருக்கு இளஞ்சிவப்பும், ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சையும், மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சளும் பயன்படுத்தப்பட்டன.

கிராம சபை

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் இது கூடும். 2022 இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வரவு செலவு, தணிக்கை அறிக்கை, திட்டப் பயனாளிகள் பட்டியல் ஆகியவை இங்கு மக்கள் முன் வைக்கப்படும். கூட்டத்துக்குக் குறைந்தளவு வருகை தேவை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சியில் 300 பேரும் வந்திருக்க வேண்டும்.

நகர்ப்புற உள்ளாட்சி

நகர்ப்புற அமைப்புகள் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என மூவகை. இவை ஒன்றன்கீழ் ஒன்று அமைந்த அடுக்குகள் அல்ல. ஊரின் மக்கள்தொகை, வருவாய் ஆகியவற்றுக்கு ஏற்ப அமைந்த தனித்தனி அமைப்புகள் ஆகும்.

சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள் உள்ளன. இவை சூரமங்கலம், அத்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 8,29,267. மன்றத்தின் தலைவர் மேயர் ஆவார். அரசால் நியமிக்கப்படும் ஆணையர் மன்றத்தின் முடிவுகளைச் செயற்படுத்துவார். மேயர் 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களாலும், 2006, 2022 ஆகிய ஆண்டுகளில் மன்ற உறுப்பினர்களாலும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நகரங்களில் கிராம சபைக்கு இணையான அமைப்பு நெடுங்காலம் இருக்கவில்லை. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் பங்கேற்கலாம். பகுதி சபையோ வார்டின் ஒரு பகுதிக்கு மட்டும் உரியது.

யாரிடம் கேட்பது?

தெருக்குழாயில் நீர் வரவில்லை என்றால், அம்மாபேட்டையில் வசிப்பவர் தம் வார்டு உறுப்பினரிடமோ மண்டல அலுவலகத்திலோ முறையிட வேண்டும். மின்னாம்பள்ளி போன்ற ஊராட்சியில் வசிப்பவர் ஊராட்சித் தலைவரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ கூற வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் பணியாயின் ஊராட்சி ஒன்றியத்தின் உதவியை நாடும்.

கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சியின் அலுவலர் அல்லர். அவர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். பட்டா, சாதிச் சான்றிதழ் போன்றவை அத்துறையின் பணிகள். காவல், நியாயவிலைக் கடை ஆகியவையும் மாநில அரசின் பொறுப்பில் உள்ளன.

இட ஒதுக்கீடு

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு, 2016 இல் இயற்றப்பட்ட திருத்தத்தின் மூலம் பாதியாக உயர்த்தப்பட்டது.

இவ்வொதுக்கீடு எளிதில் நடைமுறைக்கு வரவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த ஐவரும் 1997 சூன் 30 அன்று கொல்லப்பட்டனர். அவ்வூராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்தே இக்கொலைகள் நிகழ்ந்தன. அதே மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லாத நிலை இருந்தது. 2006 இல் அங்குத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

தேர்தல் இல்லாக் காலம்

பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. ஆயினும் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் இரத்து செய்தது. அதன்பின் அரசு நியமித்த தனி அலுவலர்கள் உள்ளாட்சிகளை நிர்வகித்தனர். சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடைபெற்றது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இதனால் அம்மாபேட்டை மக்களுக்கு ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மாமன்ற உறுப்பினர் எவரும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் இல்லாததால், நடுவண் நிதி ஆணையம் பரிந்துரைத்த மானியங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. 27 மாவட்ட ஊரக அமைப்புகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தபோது, அவை மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன.

தனி அலுவலர் காலத்திலும் குடிநீர் வழங்கல், குப்பை அகற்றல் போன்ற பணிகள் நடைபெறும். ஆனால் அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர் என்பதால், பணியில் குறை இருப்பின் அவரை வாக்கால் மாற்ற இயலாது. உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடைபெறுவதன் தேவை இதிலிருந்து விளங்கும்.