மூடாத்துளையும் உள் எல்லைச் சவ்வும்: மாகுலா துளை அறுவை மருத்துவ வரலாறு

முன்னுரை

விழித்திரையின் நடுவே அமைந்த மாகுலா என்னும் சிறுபகுதியே எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் துணைசெய்கிறது. அங்கு முழு ஆழத்திற்குத் துளை ஏற்படின், ஓரப்பார்வை நிலைத்திருக்க, நடுப்பார்வை மட்டும் குன்றுகிறது. முதல் அறுவைக்குப் பின்னும் மூடாத துளை இங்கு ‘மூடாத்துளை’ எனப்படுகிறது. அதற்கான மருத்துவம் வளர்ந்த வரலாற்றில் விழித்திரையின் உள் எல்லைச் சவ்வு பெற்ற இடத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காரணம் தெளிந்த காலம்

ஹெர்மன் நாப் 1869-இல் அடிபட்ட கண்ணொன்றில் இத்துளையைப் பதிவுசெய்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக இது தீராக் குறையாகவே எண்ணப்பட்டது. விழியின் உள்ளே நிறைந்துள்ள விட்ரியஸ் என்னும் கூழ்மத்தை நீக்கும் அறுவையை ராபர்ட் மாக்கெமர் 1970-களின் தொடக்கத்திலேயே உருவாக்கியிருந்தார். எனினும் விட்ரியஸின் இழுவிசையே துளைக்குக் காரணம் என டொனால்ட் காஸ் 1988-இல் விளக்கிய பின்னரே அவ்வறுவை இந்நோய்க்கு உரியதாயிற்று. கருவிக்குக் காரணவிளக்கமே வழிகாட்டியது எனலாம்.

1991-இல் கெல்லியும் வெண்டலும் 52 கண்களில் செய்த அறுவையின் முடிவை வெளியிட்டனர். விட்ரியஸை நீக்கி, வளிமத்தை நிரப்பி, நோயாளரைக் குப்புறக் கிடத்தும் முறை அது. 58 விழுக்காட்டுக் கண்களில் துளை மூடியது. எஞ்சியவையே மூடாத்துளை என்னும் சிக்கலைத் தோற்றுவித்தன.

சவ்வின் நிலைமாற்றம்

துளையின் விளிம்பை இறுக்கிப் பிடிப்பது உள் எல்லைச் சவ்வே எனக் கருதி, 1997-இல் எக்கார்ட் குழுவினர் அதனை உரித்தெடுத்தனர். துளை மூடும் வாய்ப்பு பெருகியது. ஆயினும் 400 மைக்ரானைவிட அகன்ற துளைகள் சில திறந்தே நின்றன. 2010-இல் போலந்து மருத்துவர் மிகலெவ்ஸ்கா குழுவினர் சவ்வை முழுதும் நீக்காது, துளையின்மேல் மடித்துக் கவிழ்த்தனர். மூடல் வீதம் 88-இலிருந்து 98 விழுக்காடாக உயர்ந்தது.

முன்னரே சவ்வு உரிக்கப்பட்ட கண்ணில் மடிப்பதற்குச் சவ்வு இல்லை. எனவே மொரிசானே குழுவினர் அதே கண்ணின் வேறிடத்துச் சவ்வை வெட்டித் துளையில் பொருத்தினர். 2014-இல் வெளிவந்த அவ்வாய்வில் 10 கண்களுள் 9-இல் துளை மூடியது. பின்னர் நோயாளரின் விழித்திரைத் துண்டும், கொடையாகப் பெற்ற பனிக்குடச் சவ்வும் இவ்வாறே பயன்பட்டன. இழுவிசையின் காரணியென அகற்றப்பட்ட சவ்வே, செல்கள் பற்றிப் படரும் சாரமாக மாறியமை இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

‘மூடாத்துளை’ என்பது கண்ணின் இயல்பை மட்டுமன்றி, அந்தந்தக் கால மருத்துவ அறிவின் எல்லையையும் குறிக்கும் பெயராகும். எனினும் துளை மூடுதலும் பார்வை மீளுதலும் ஒன்றல்ல. கெல்லி, வெண்டல் ஆய்விலேயே துளை மூடிய கண்களுள் 73 விழுக்காடே பார்வையில் குறிப்பிடத்தக்க மேம்பாடு பெற்றன. ஒட்டிய சவ்வு இடைவெளியை நிரப்பும், ஒளியை உணராது. ஆகவே இவ்வரலாற்றை மூடல் வீதத்தால் மட்டும் அளவிடுதல் பொருந்தாது. நோயாளர் மீண்டும் படிக்க இயன்றதா என்பதும் அளவுகோலாதல் வேண்டும்.