பொத்தானும் கண்ணாடியும்

திருவள்ளூரை அடுத்த காக்களூரில், 2011 செப்டம்பர் 15ஆம் தேதி, முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன் இதே தேதியில் கருணாநிதி தொடங்கிவைத்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஆட்சி மாற்றத்தோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதற்குள் பதினான்கு அங்குலப் பெட்டிகள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய கிராமங்கள்வரை குடிபுகுந்துவிட்டிருந்தன.

பெண்களின் பொழுதுபோக்குக்கும் பொது அறிவுக்குமென்று சர்க்கார் வழங்கிய பெட்டியைப் பையன்கள் விளையாட்டுக் களமாக்கிக்கொண்டதில் வியப்பில்லை. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் யந்திரத்தின் மலிவான நகல்கள் நம் கடைத்தெருக்களில் தாராளமாக விற்றன. மஞ்சள் முனையைப் படத்துக்கும் வெள்ளை முனையை ஒலிக்கும் செருகி, கேசட்டை அழுத்தி, படம் வராவிட்டால் அதன் அடிவாயில் ஊதி (ஊதியதால் பலன் உண்டோ இல்லையோ, ஊதாத பையன் இல்லை) மறுபடியும் அழுத்தினால் மரியோ ஓடத் தொடங்குவான். அந்த யந்திரத்தின் கைப்பிடியிலிருந்த சிலுவைப் பொத்தான், குன்பெய் யோகோய் 1982இல் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்கென அமைத்தது. கண் திரையை விட்டு அகலாமலே, மேடு பள்ளங்களின் ஸ்பரிசத்தால் கட்டைவிரல் திசையை அறிந்துகொள்வதே அதன் விசேஷம்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, பட்டன் போனின் யுகமும் அஸ்தமித்துக்கொண்டிருந்தது. பின்னர் வந்த ஜியோ முதலிய செட்டாப் பெட்டிகள், தொடுதிரையில் ஜாய்ஸ்டிக்கை வரைந்து காட்டும் செயலியைக் கொடுத்து, போனையே கைப்பிடியாக்கிக்கொள்ளச் சொல்லின. தனியே ஒன்று வாங்க வேண்டாம் என்பது பெரிய சௌகரியந்தான். ஆனால் வழவழப்பான கண்ணாடியில் விரல் தன் இடத்தை விட்டு நழுவுகிறது. எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்ப்பதற்குள் ஓடுகிறவன் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். வைஃபை செய்யும் தாமதம் போதாதென்று, வேலை செய்யும் ஆலையில் நைட் ஷிஃப்டுக்கு ஆள் குறைகிறதென்று சூப்பர்வைசரின் அழைப்பு வேறு நடுவில் வந்து ஆட்டத்தை மறைத்துவிடும்.

ஓடுவதற்கும் சுடுவதற்கும் போன் உதவாது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் 2014இல் வெளிவந்த ஜாக்பாக்ஸ் போன்ற வினா விடை ஆட்டங்களில், ஒவ்வொருவரும் தம் பதிலை மற்றவர் அறியாமல் எழுதி அனுப்புவதற்கு, அந்தப் பழைய சிலுவைப் பொத்தானைக் கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது. போனே கைப்பிடியாகும்போது, சீட்டாட்டக்காரன் கைச்சீட்டை மறைத்துப் பிடிப்பதுபோல் அவரவர் போனை அவரவர் மறைத்துக்கொண்டால் போதும்.