இஸ்தான்புல்லின் தீயணைப்புப் படை: தோளில் சுமந்த பம்பு முதல் மோட்டார் வண்டி வரை

உம்ரா பயணத்தோடு துருக்கியையும் சேர்த்துப் பார்த்து வரும் வழக்கம் நம் குடும்பங்களில் இப்போது பெருகியிருக்கிறது. இஸ்தான்புல் செல்பவர்கள் சுலைமானியா பள்ளிவாசலுக்குப் போகும் வழியில், பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஓர் உயரமான வெள்ளைக் கோபுரத்தைக் காண்பார்கள். அதைப் பள்ளிவாசல் மினாரா என்று நினைப்பவர்களும் உண்டு. அது பெயாஸித் கோபுரம். 85 மீட்டர் உயரம். ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் கண்டு சொல்வதற்காகவே கட்டப்பட்டது. ஒரு நகரம் தீயைக் கண்காணிப்பதற்கென்றே இத்தனை பெரிய கோபுரத்தை எழுப்பியது என்றால், அந்த நகரம் தீயால் எவ்வளவு பட்டிருக்க வேண்டும்!

பட்டதற்குக் காரணம் மரம். 1509 செப்டம்பரில் இஸ்தான்புல்லைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மக்கள் அதைச் சின்னக் கியாமத் என்றே அழைத்தார்கள். கல் வீடுகள் சரிந்து ஆட்களைக் கொன்றதால், அதன்பின் மர வீடு கட்டும் வழக்கம் வலுப்பெற்றது. நிலநடுக்கத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் ஒடுங்கிய தெருக்களில், மேல்மாடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் மர வீடுகளில், குளிர்காலம் முழுக்கக் கரி அடுப்பு எரிந்தது. கடலிலிருந்து காற்றும் ஓயாமல் வீசும். 1660 ஜூலையில் பற்றிய ஒரே தீயில் நகரின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்.

தொடக்கத்தில் தீயணைப்புப் படை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் கூரையை எட்டும் ஏணியும் ஒரு பீப்பாய் தண்ணீரும் இருக்க வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே சுல்தானின் ஆணை வந்துவிட்டது. தீப்பிடித்தால் யெனிச்சேரி எனப்பட்ட காலாட்படை வீரர்கள் கோடரியும் கொக்கியுமாக ஓடிவருவார்கள். அவர்கள் வேலை பெரும்பாலும் அணைப்பது அல்ல, இடிப்பது. எரியும் வீட்டுக்கு அடுத்த நாலைந்து வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கினால் தீ தாண்டாது. தோல்பை சுமக்கும் சக்கா எனும் தண்ணீர்க்காரர்கள் தெரு நீரூற்றுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்கள். வீட்டை இழந்தவனுக்கு, தீயில் போனதா கோடரியில் போனதா என்பதில் என்ன வேறுபாடு? போதாக்குறைக்கு, அதிருப்தி கொண்ட யெனிச்சேரிகளே சில நேரம் தீ வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அக்கால வரலாறுகளில் உண்டு.

இதை மாற்றியவர் டேவிட் என்ற பிரெஞ்சுக்காரர். இஸ்லாத்தை ஏற்று இஸ்தான்புல்லில் குடியேறிய பிறகு தாவூத் ஆனார். 1710களில் அவர் செய்து காட்டிய கைப்பம்புக்குத் துருக்கியர் வைத்த பெயர் துலும்பா. (இன்றும் அங்கே ஜீராவில் ஊறிய ஒரு பலகாரத்துக்கு இதே பெயர். பம்பு போன்ற குழலில் மாவைப் பிழிவதால் வந்தது. போகிறவர்கள் சாப்பிட்டுப் பாருங்கள்.) பம்பு பலனளிப்பதைக் கண்ட தலைமை வஸீர் தாமாத் இப்ராஹீம் பாஷா, 1720இல், மூன்றாம் அஹ்மத் சுல்தானின் ஆட்சியில், யெனிச்சேரிப் படையின் கீழேயே துலும்பாஜிகள் என்ற தனிப்பிரிவை அமைத்தார். தாவூத் அதன் தலைவரானார். நகரத்தின் தீயணைப்புத் துறை தன் சின்னத்தில் 1714 என்ற ஆண்டையே தொடக்கமாகப் பொறித்திருக்கிறது.

இந்த வண்டிக்குச் சக்கரம் கிடையாது. ஒரு மரப்பெட்டி, உள்ளே உலோக உருளைகள், மேலே இருபுறமும் நீளும் நெம்புகோல். நான்கு பேர் பல்லக்குத் தூக்குவதுபோல் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். களைத்தவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்கு ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்வார்கள். இடம் சேர்ந்ததும் இறக்கி, பெட்டியில் தண்ணீரை ஊற்ற ஊற்ற, நெம்புகோலை ஏற்றி இறக்கிப் பீய்ச்சுவார்கள். பெட்டி தானாக நீரை உறிஞ்சாது, ஊற்றித்தான் ஆகவேண்டும். எனவே சக்கா வராவிட்டால் பம்பு வெறும் பெட்டிதான். குதிரையே ஏற முடியாத படிக்கட்டுத் தெருக்கள் நிறைந்த ஊரில், தோளில் சுமப்பதைவிட வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து 1826. இரண்டாம் மஹ்மூத் சுல்தான் அந்த ஜூன் மாதம் யெனிச்சேரிப் படையை ஒழித்தார். ஹிஜ்ரி 1241, துல்கஃதா. அரசியல் காரணங்கள் வேறு கதை. படையோடு சேர்ந்து அதன் கீழிருந்த துலும்பாஜிப் பிரிவும் கலைக்கப்பட்டது. தீயைக் கண்காணிக்கும் மரக் கோபுரமும் யெனிச்சேரிகளின் நினைவு என்று இடிக்கப்பட்டது. மாற்று ஏற்பாடு இல்லை. ஆகஸ்டிலேயே ஹோஜாபாஷா பகுதியில் தீ பிடித்தது. ஒருநாளுக்கு மேல் எரிந்து நகரின் மையப்பகுதியை அழித்தது. பம்புகள் எங்கேயும் போய்விடவில்லை. அவற்றைத் தூக்கத் தெரிந்த கைகள்தான் இல்லாமல் போயின. அதன்பிறகே அவசரமாகத் தீயணைப்புக்கு ஆள் சேர்த்தார்கள். பெயாஸித் கோபுரமும் 1828இல் கல்லில் எழுந்தது. கட்டியவர் பால்யான் என்ற ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் குடும்பத்தைச் சேர்ந்த செனெகெரிம். முதன்முதலில் 1749இல் மரத்தில் எழுப்பிய கோபுரம், 1756ஆம் ஆண்டுத் தீயில் தானே எரிந்து போயிருந்தது. வளைகுடாவுக்கு அக்கரையில் உள்ள கலத்தா கோபுரத்துக்கும் இதே கதிதான். 1717 முதல் தீ பார்க்கும் இடமாக இருந்த அதுவும் 1794இலும் 1831இலும் தீயில் சிக்கியது.

தகவல் பரவும் முறையைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் வியப்பார்கள். கோபுரத்தில் பகலில் கூடைகளைத் தொங்கவிடுவார்கள், இரவில் விளக்குகள். எத்தனை, எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துத் தீ எந்தப் பகுதியில் என்று அறியலாம். ஆசியக் கரையில் இஜாதியே குன்றிலிருந்து பீரங்கி ஏழு முறை முழங்கும். கோபுரத்திலிருந்து கோஷ்க்லு எனும் ஓட்டக்காரர்கள் கிளம்பிக் காவல் நிலையங்களுக்குச் செய்தி சொல்வார்கள். இரவுக் காவலர் இரும்புப் பூண் போட்ட தடியால் கல்தரையைத் தட்டிக்கொண்டே, “யாங்கின் வார்!” என்று கூவி இடத்தின் பெயரைச் சொல்லிச் செல்வார். தீ இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கூவலைக் கேட்டு முதலில் ஓடியவர்கள் பெரும்பாலும் அரசுப் படையினர் அல்லர், முஹல்லாக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு முஹல்லாவிலும் ஒரு பம்பும் ஓர் இளைஞர் குழுவும் இருந்தன. முஸ்லிம், கிரேக்க, ஆர்மீனிய, யூத முஹல்லாக்கள் எல்லாவற்றிலும்தான். கூலிக்காக அல்ல, பெயருக்காக ஓடினார்கள். ஒரு குழுவை இன்னொரு குழு வழியில் முந்திவிட்டால் அது தாங்க முடியாத அவமானம். தெருவிலேயே அடிதடி நடக்கும், அந்த நேரத்தில் தீ தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். துருக்கி மொழியில் துலும்பாஜி என்றால் முரட்டு ஆள், வாய்த்துடுக்கன் என்ற பொருளும் ஏறிவிட்டது இதனால்தான். உயிரைப் பணயம் வைத்து அந்நியர் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் என்பதும் உண்மை, சண்டைக்காரர்கள் என்பதும் உண்மை. அவர்களைக் காப்பிக்கடை வீரர்கள் என்று மட்டும் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது என்பதை இரண்டு தீக்கள் காட்டின. 1865இல் மறுபடியும் ஹோஜாபாஷா எரிந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட சாலைச் சீரமைப்புக் குழு, எரிந்த பகுதிகளில் தெருக்களை அகலப்படுத்தியது. சக்கர வண்டி தீ இருக்கும் இடத்துக்குப் போக இதுவே வழி செய்தது. தீயணைப்பு வண்டியின் வரலாற்றைத் தெருவின் அகலத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. அடுத்து 1870 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பியர் நிறைந்த பேரா பகுதி எரிந்தது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் போயின, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பிரிட்டிஷ் தூதரகமும் தப்பவில்லை.

அப்துல் அஸீஸ் சுல்தானின் அரசு வெளியே ஆள் தேடியது. வந்தவர் ஹங்கேரியப் பிரபு ஓடோன் செசெனி. லண்டனில் தீயணைப்பு முறைகளைப் படித்து, பெஸ்த் நகரில் தன்னார்வத் தீயணைப்புச் சங்கம் தொடங்கியவர். 1874இல் இஸ்தான்புல்லில் பணியேற்றார். அவர் முதலில் கொண்டுவந்தது இயந்திரம் அல்ல, ஒழுங்கு. சம்பளம் பெறும் சிப்பாய்கள், அன்றாடப் பயிற்சி, பட்டாளங்களாகப் பிரிப்பு, ஒவ்வொன்றுக்கும் படைவீடு. இன்று நாம் தீயணைப்பு நிலையம் என்று சொல்லும் பொருளில், இரவும் பகலும் ஆள் தயாராக இருக்கும் இடம் அந்நகரில் அப்படித்தான் வேரூன்றியது. கடற்படையிலும் ஒரு பிரிவு அமைந்தது. குதிரை வண்டிப் பம்பும் நீராவிப் பம்பும் வந்தன. செசெனிக்குப் பாஷா பட்டம் கிடைத்தது, கிறிஸ்தவராகவே இருந்தார். 1922இல் இறந்து இஸ்தான்புல்லிலேயே அடக்கமானார். சுல்தான்கள் மாறியும், போர்கள் வந்தும், நகரம் அந்நியர் கையில் இருந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. 1880களில் தெர்கோஸ் ஏரித் தண்ணீர் குழாய் வழியே வரத் தொடங்கியதும் சக்காக்களை நம்பியிருக்கும் நிலை மெல்லக் குறைந்தது.

படைக்குத் துருக்கியில் இத்ஃபாயியே என்று பெயர். அரபு தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இத்ஃபா என்றால் அணைத்தல். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்த செய்தி வந்தபோது, தூங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் வரும் ஹதீஸில் உள்ள சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

இத்தனைக்குப் பிறகும் 1918 மே 31இல் பாத்திஹ் பகுதி எரிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. உலகப்போரின் கடைசி ஆண்டு, கையில் எதுவும் இல்லாத காலம். வீடிழந்தவர்களுக்காகக் கட்டடக் கலைஞர் கெமாலத்தீன் லாலெலியில் நான்கு தொகுதிக் குடியிருப்பைக் கட்டினார். முதல் பெயர் ஹரீக்ஸதெகான், தீயால் பாதிக்கப்பட்டோர் என்று பொருள். மரமே இல்லை, கம்பி போட்ட கான்கிரீட். துருக்கியில் அவ்விதம் எழுந்த முதல் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. தீயணைப்பு வீரர்கள் 200 ஆண்டுகளாகப் போராடிய எதிரியை உண்மையில் தோற்கடித்தது இந்தக் கான்கிரீட்தான் என்று சொன்னால் மிகையாகாது. இப்போது அந்தக் கட்டடம் தங்கும் விடுதியாக இருக்கிறது.

1923 செப்டம்பர் 25இல் தீயணைப்புப் பணி இராணுவத்திடமிருந்து நகராட்சிக்கு மாறியது. நேச நாட்டுப் படைகள் நகரத்தை விட்டு வெளியேற இன்னும் சில நாள்களே இருந்த நேரம். 1826இல் நடந்த தவறு இம்முறை நடக்கவில்லை. ஒரு கை விடும்போதே மற்றொரு கை பிடித்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டுகளில் மோட்டார் வண்டிகள் வந்தன, முஹல்லாக் குழுக்கள் மறைந்தன. துருக்கியில் செப்டம்பர் 25 முதல் தீயணைப்பு வாரம் கொண்டாடுவது அந்த நாளை வைத்துத்தான்.

பெயாஸித் கோபுரம் இப்போது இரவில் வானிலையைச் சொல்கிறது. நீல விளக்கு என்றால் தெளிந்த வானம், பச்சை மழை, மஞ்சள் மூடுபனி, சிவப்பு பனிப்பொழிவு. பழைய நகரின் ஒடுங்கிய தெருக்கள் பல இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பெரிய வண்டி நுழைய முடியாத இடங்களுக்கு முதலில் போய்ச்சேர மோட்டார்சைக்கிள் வீரர்களை வைத்திருக்கிறார்கள். பயணம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: தீயணைப்புக்கான பழைய எண் 110. இப்போது எல்லா அவசர உதவிக்கும் ஒரே எண், 112.