கைவிட்ட மாளிகைகள் – 7
அல்லிராணியின் வீடு

சேலத்துக்காரர்களுக்குக் கோடை மாளிகை என்றதும் ஏற்காடுதான் நினைவுக்கு வரும். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி பயிரிட்ட நாள் முதல், வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரர்கள் மேலே ஏறினார்கள். அவருக்கு முன்பே ஒருவர் வெயிலைத் தேடிப் போய் மாளிகை கட்டினார். இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் நார்த். இடம், மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்புக் கடற்கரை.

அவரை இழுத்தது முத்து. மாசி, பங்குனியில் முத்துக்குளிப்பு தொடங்கிவிட்டால் வெறும் மணற்கரை ஊராகிவிடும். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பரதவரும் முஸ்லிம்களும் தோணிகளில் வந்து இறங்குவார்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்ட ‘கடல்கட்டி’ ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் கடலில் குதிக்க எவரும் துணியமாட்டார்கள். கயிற்றில் கட்டிய கல்லை மிதித்துக்கொண்டு, மூச்சடக்கி அடியில் இறங்கிய அந்த மனிதர்களை மேற்பார்க்கத்தான் 1801-ல் அஸ்திவாரம் போட்டார்கள். 1804-ல் வேலை முடிந்தது.

உள்ளே போவோம். நடுவில் மாடிப்படி, கீழே சிறு சிறு அறைகள், மேலே கடலைப் பார்க்கும் தளம், அதற்கும் மேல் மொட்டைமாடி. கிரேக்கக் கோயில் போலத் தூண்கள். சுவர் செங்கல்தான், பூச்சோ சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, சலவைக்கல்லாக மின்னியது. இன்று கூரை இல்லை. தூண்களில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. கரையை அரிக்கும் கடல் சுவரையும் தின்றுகொண்டிருக்கிறது.

நார்த் 1805-ல் இலங்கையை விட்டுப் போனார். கட்டிய வீட்டில் அவர் கண்ட பருவம் ஒன்றிரண்டுதான். ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் அல்லிராணிக் கோட்டை. தெற்கே குதிரைமலையில் ஆண்டதாகக் கதைகள் சொல்லும் அரசி அவள். ஆளுநரின் மாளிகையை நம் ஜனங்கள் தங்கள் ராணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது.

ஆனால் அந்த வீட்டைக் கைவிட வைத்தது கடலரிப்பு அல்ல. 1837-க்குப் பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கரையில் ஒரு முத்துக்குளிப்புகூட நடக்கவில்லை. தோணிகள் தயார், ஆட்கள் தயார். கடலடியில் சிப்பிகளைத்தான் காணோம்.

அவை எங்கே போயின?

(அடுத்த வாரம்)