மலையேறும் பற்சக்கரம்: குன்னூரும் உசுயிக் கணவாயும்



முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் நானும் என் மனைவியும் கடல் கடந்ததில்லை. இப்போது ஜப்பான் நாட்டை இருபத்தாறு நாள்கள் சுற்றிப் பார்ப்பதென்று இருவரும் துணிந்திருக்கிறோம். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம். இன்னொரு முறை போவதென்பது எங்கள் வயதில் எளிதன்று. ஆகவே, பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைப் போடுவது போலப் பயணத் திட்டத்தை நானே கவனமாகப் போட்டேன். டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஓசாக்கா, ஹிரோஷிமா என்று ஊர்களை வரிசைப்படுத்தி அவளிடம் நீட்டினேன்.

படித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “ஊர்களெல்லாம் சரிதான். நம் ஊர் வண்டியைப் போல மலையேறும் வண்டி அந்த நாட்டில் இல்லையா?”

என் மனைவி குன்னூரில் பிறந்தவள். அவளுடைய தந்தையார் நீலகிரி மலை இரயிலில் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்தவர். மலையேறும்போது அந்த வண்டியை இயந்திரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். வேண்டும்போது தடையை இறுக்குவார். அவர் கண்ணே வண்டிக்குக் கண். அத்தகைய ஒருவரின் மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நீலகிரிப் பாதை 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்டது என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதற்கு உலகில் உறவு உண்டா என்று ஒரு முறையும் எண்ணியதில்லை. தேடிப் பார்த்தேன். உறவு இருந்தது, அதுவும் ஜப்பானிலேயே இருந்தது.

முதலில் நம் பாதையைச் சற்றே நினைவுகூர்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு 326 மீட்டர் உயரத்திலும், உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே உள்ள தொலைவு 46 கிலோமீட்டர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. வழவழப்பான தண்டவாளத்தின் மேல் வழவழப்பான சக்கரம் அவ்வளவு செங்குத்தாக ஏறாது, வழுக்கிவிடும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் இதற்கு வழி கண்டார். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்களைப் பதித்து, இயந்திரத்தின் பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறும்படி செய்தார். நம் பாதையில் இரண்டு சட்டங்கள் அருகருகே உள்ளன. ஒன்றன் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். ஆதலால் சக்கரத்தின் பிடி ஒருபோதும் நழுவாது.

இதே ஆப்ட் முறை டோக்கியோவிற்கு வடமேற்கே உள்ள உசுயிக் கணவாயிலும் அமைக்கப்பட்டது. டோக்கியோவையும் மேற்குக் கடற்கரையிலுள்ள நவோயெட்சுவையும் இணைக்க ஜப்பானியர் விரும்பினர். 1885-ஆம் ஆண்டில் மலையடிவாரத்து யோகோகவா வரையில் பாதை வந்துவிட்டது. 1888-இல் மலைக்கு மேலே உள்ள கருயிசவாவிலிருந்து நவோயெட்சு வரையில் மறுபாதியும் முடிந்துவிட்டது. நடுவில் எஞ்சியது பதினொரு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தொலைவிற்குள் 553 மீட்டர் ஏற வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக் காலம் குதிரை இழுக்கும் டிராம் வண்டியே அந்த இடைவெளியை நிரப்பியது.

1891-ஆம் ஆண்டில் உசுயியில் வேலை தொடங்கியது. நம் நீலகிரியில் வேலை தொடங்கியதும் அதே 1891-இல்தான். நம் பாதை பணமுடையால் தடைபட்டுத் தடைபட்டுக் குன்னூரை அடைய எட்டாண்டுகள் ஆயின. அவர்களோ இரண்டே ஆண்டுகளுக்குள் 26 சுரங்கங்களையும் 18 பாலங்களையும் கட்டி முடித்து, 1893 ஏப்ரலில் வண்டியை ஓட்டினார்கள். அந்த விரைவிற்குக் கொடுத்த விலை பெரிது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் அவ்வேலையில் உயிர் துறந்தனர் என்று கூறப்படுகிறது. ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்வித்த என் போன்ற ஆசிரியர்கள் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டு மலைகளுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்த நீலகிரிக்குக் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் வந்தார். உதகை ஆங்கிலேயரின் கோடை வாசத்தலமாயிற்று. பழைய பெருவழியில் சத்திர ஊராக இருந்த கருயிசவாவிற்கு அலெக்சாண்டர் ஷா என்னும் பாதிரியார் 1886-இல் வந்து கோடையைக் கழித்தார். அதுவும் அயல்நாட்டார் நாடும் குளிர்ந்த ஊராயிற்று.

இவ்வளவு ஒத்திருந்த இரண்டு பாதைகளின் பிற்காலம் மட்டும் ஒத்திருக்கவில்லை. உசுயிப் பாதை நாட்டின் இரு கரைகளை இணைத்த பெருவழி. சுரங்கங்களில் நிறைந்த புகை ஊழியர்களை மூச்சுத் திணற வைத்ததால் 1912-இல் அது மின்மயமாக்கப்பட்டது. அதன் பின்பும், பெருகி வந்த போக்குவரத்திற்கு அந்த மெதுவான ஏற்றம் குறுகிய குப்பிக் கழுத்துப் போலவே இருந்தது. 1963-இல் வலிமை மிக்க மின் இயந்திரங்கள் வரவே, பற்சட்டம் கைவிடப்பட்டது. 1997-இல் ஷிங்கான்சென் என்னும் அதிவிரைவு வண்டி வேறு வழியாகக் கருயிசவாவை அடைந்தபோது, பழைய பாதையே அங்கு மூடப்பட்டது.

நம் பாதையோ மலையூர்களுக்கு ஏறும் பாதை. அதைக் கடந்து வேறெங்கும் போவதில்லை. அவசரமாகப் போகிறவர்களையும் சரக்கையும் மலைச்சாலை ஏற்றுக்கொண்டது. மெதுவாகப் போக அதற்கு உரிமை கிடைத்தது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. நாம் பழமையைப் போற்றுகிறோம், அவர்கள் போற்றவில்லை என்று இதைக் கொண்டு பெருமை பேசலாகாது. நாடு முழுவதற்கும் தேவைப்பட்டது மாற்றப்பட்டது. அவ்வளவு தேவைப்படாதது தப்பிப் பிழைத்தது. தப்பியதும் தானாக நிலைத்துவிடவில்லை. தேய்ந்துபோன இயந்திரங்களுக்கு ஈடாகத் திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் புதிய நீராவி இயந்திரம் செய்து 2011-இல் வெளிக்கொணர வேண்டியிருந்தது. கைகள் உழைத்தால்தான் பழமை நிற்கும்.

ஜப்பானியரும் தம் பழைய பாதையை அடியோடு மறக்கவில்லை. யோகோகவாவிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரத்தை நடைபாதையாக்கி, அதற்கு ஆப்ட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பத்துச் சுரங்கங்களைக் கடந்து, நான்கு வளைவுகள் கொண்ட செங்கற் பாலத்தின் மேல் நடக்கலாம்.

அந்த யோகோகவாவில்தான் முற்காலத்தில் உசுயிச் சோதனைச் சாவடி இருந்தது. பிரபுக்களின் மனைவியரை எடோ நகரில் பிணையாக வைத்திருந்த தொகுகாவா ஆட்சியில், உள்ளே வரும் துப்பாக்கியையும் வெளியே போகும் பெண்ணையும் காவலர் கடுமையாகச் சோதித்தனர். 1869-இல் அச்சாவடி நீக்கப்பட்டது. பெண்ணொருத்தி எளிதில் கடக்க முடியாதிருந்த அந்த வாயிலில் நாங்கள் கணவனும் மனைவியுமாக நிற்கப் போகிறோம். அதுவும் அவள் போட்ட திட்டப்படி!

தேடலின் முடிவில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. ஜப்பானில் ஆப்ட் முறை இறந்துவிடவில்லை. ஷிசுவோகா மாநிலத்தில் ஓயி ஆற்றின் பள்ளத்தாக்கில் அணை கட்டியபோது பழைய பாதை நீரில் மூழ்கும் நிலை வந்தது. அதனால் உயரமான இடத்தில் புதுப்பாதை போட்டு, 1990-இல் அங்கே பற்சட்டத்தைப் பதித்தார்கள். அதன் ஏற்றம் நம்முடையதைவிடச் சற்று மிகுதி.

அதைச் சூழ்ந்திருப்பது தேயிலை நாடு. ஓயி ஆற்றைக் கடக்க அக்காலத்தில் பாலம் கிடையாது; சுமப்போர் பயணிகளைத் தோள்மேல் ஏற்றிக் கரை சேர்த்தனர். 1870-இல் அம்முறை ஒழிந்தபோது வேலையிழந்த அவர்களில் பலர் மக்கினோஹாரா மேட்டு நிலத்தில் தேயிலை பயிரிட்டனர். பதவியிழந்த சாமுராய் வீரர்கள் அதற்கு முந்திய ஆண்டே அங்கே மண்வெட்டியைக் கையில் எடுத்திருந்தனர். குன்னூர்த் தேயிலைச் சரிவுகளின் நடுவே வளர்ந்தவளுக்கு இதைச் சொன்னபோது, “அங்கே இரண்டு நாள் தங்கலாம்” என்றாள்.

ஆகவே அட்டவணையைத் திருத்தினேன். ஓசாக்காவை எடுத்துவிட்டேன். உசுயி நடைபாதைக்கு ஒரு நாள். முழங்கால் வலிக்காக நடுநடுவே ஓய்வு. கருயிசவாவிற்கு இரண்டு நாள். ஓயிப் பள்ளத்தாக்கிற்கு இரண்டு நாள். இலைகள் சிவக்கும் அக்டோபர்க் கடைசியில் புறப்படுவதாக எண்ணம். 2022-ஆம் ஆண்டுப் புயல் மழையில் ஓயிப் பள்ளத்தாக்கின் பாதை சிதைந்ததால், வண்டி எதுவரை ஓடுகிறதென்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஐப்பசி மழையில் கல்லாற்றுக்கு மேலே மண் சரிந்து வண்டி நிற்பதைப் பார்த்த எங்களுக்கு இது புதிதன்று.

உசுயிப் பாதை திறந்த அதே 1893-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜப்பானைக் கண்ட விவேகானந்தர் யோகோஹாமாவிலிருந்து தம் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நம் இளைஞர் பலர் ஆண்டுதோறும் ஜப்பானுக்கும் சீனாவிற்கும் சென்று வரவேண்டும் என்பது அதில் அவர் கொண்ட விருப்பம். நான் இளமையில் போகவில்லை, முதுமையில் போகிறேன். நீங்கள் இளமையிலேயே போய்வாருங்கள். ஆனால் புறப்படும் முன் உங்கள் ஊரில் உள்ள ஒரு பாலத்தை, ஒரு பாதையை, ஒரு தொழிலை, அதில் உழைத்தவர்களிடம் கேட்டு நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அயல்நாட்டில் அதன் உறவு புலப்படும். எனக்கு அது புலப்படவில்லை. பிரேக்ஸ்மேன் மகளுக்குப் புலப்பட்டது.